மச்சானைக் கட்டிய ராணிகள்

நோர்வேத் தலைநகரின் புருசெத்தில் என்னோடு சேர்ந்து அடிவாங்கி வளர்ந்தவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். மற்றவர்கள் வாசித்தால் வாசிக்கட்டும். நமக்கும் வயது ஏறிக்கொண்டுதான் போகிறது. முப்பதுகளில் இருந்துகொண்டு கிழவி மாதிரிப் புலம்புகிறாள் என்று சிரிப்பீர்கள். சிரியுங்கள், எனக்கென்ன. போன கோடையில் ஒரு கலியாண வீட்டில் உங்களில் ஐந்தாறு பேரை ஒரே மேசையில் கண்டேன். ஆளுக்கொரு நரை, ஆளுக்கொரு இடுப்புவலி. பிள்ளைகளின் நீச்சல் வகுப்பைப் பற்றியும் மின்சாரக் கார்களைப் பற்றியும் கதைத்தோம். என் மாமியைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. நீங்கள் எல்லோரும் அன்று அந்த மண்டபத்தில் இருந்தவர்கள். 

அது இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டு. எனக்குப் பன்னிரண்டு வயது, அக்காவுக்குப் பத்தொன்பது. நோர்வே சுவீடனை விட்டுப் பிரிந்து நூறு ஆண்டுகள் என்று ஊரெல்லாம் கொடியும் கேக்குமாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு வகுப்பும் ஒரு காட்சியை வரைந்து சுவரில் ஒட்ட வேண்டும். எங்களுக்குக் கிடைத்தது, புது ராசாவும் ராணியும் இந்த நகரத்தில் வந்து இறங்கிய காட்சி. பனி கொட்டுகிறது. ராசாவின் கையில் குட்டி இளவரசன். பக்கத்தில் ஒல்லியாக ராணி. ராணியின் கழுத்து உரோமத்துக்கு நான் பஞ்சு ஒட்டினேன். ராசா டென்மார்க்கிலிருந்து வந்தவர், ராணி இங்கிலாந்து அரசரின் மகள் என்று ஆசிரியை சொன்னார். பசை காயாத விரல்களோடு வீட்டுக்கு ஓடி, ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருந்தேன். இங்கிலாந்து என்ற சொல்லைக் கேட்டால் சந்தோசப்படுகிற ஒருவர் எங்கள் குடும்பத்தில் இருந்தார்.

அவர் மாமா, அம்மாவின் மூத்த அண்ணன். லில்லெஸ்ட்ரோமில் சொந்த வீடு. எண்பதுகளின் தொடக்கத்தில் மாமியையும் மகனையும் ஊரில் விட்டு மாணவராக வந்து இறங்கி, பிறகு ஒவ்வொருவராக எல்லோரையும் கூப்பிட்டவர். அப்பாவைத் தேடிப் பிடித்து அம்மாவுக்குக் கட்டிவைத்தவரும் அவர்தான். அதனால் எங்கள் வீட்டில் எந்தச் சுவருக்கு என்ன நிறம் பூசுவது என்பது வரைக்கும் மாமாவைக் கேட்டுத்தான் நடக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் மாமியையும் மகனையும் காரில் ஏற்றிக்கொண்டு வருவார். அப்பா அன்று மட்டும் சவரம் செய்து, சட்டை போட்டுக்கொண்டு, தன் வீட்டிலேயே விருந்தாளி மாதிரி ஒரு கதிரை நுனியில் உட்கார்ந்திருப்பார்.

மாமா யாழ்ப்பாணத்தில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவர். இங்கிலாந்து அரசர்களின் பெயரை வரிசை பிசகாமல் ஒப்பிக்காவிட்டால் அங்கே பிரம்படியாம். உள்ளங்கையை விரித்துக் காட்டுவார்.

“எட்டு ஹென்றியும் இதுக்குள்ளைதான் இருக்கினம்,” என்பார்.

அந்த அடியைப் பற்றிச் சொல்லும்போது அவர் முகத்தில் கோபம் இருக்காது, பெருமைதான் இருக்கும். அடித்த வாத்தியாரை அவர் கும்பிடாத குறை. இது அப்போது எனக்கு வினோதமாகத் தெரியவில்லை. எங்கள் எல்லோருக்கும் வீட்டில் அகப்பைக் காம்பும் இடுப்புவாரும் பழக்கம்தானே. பள்ளிக்கூடத்தில் ஆசிரியை ஒருமுறை, வீட்டில் யாருக்காவது அடி விழுகிறதா என்று கேட்டார். வகுப்பில் இருந்த தமிழ்ப் பிள்ளைகள் அத்தனை பேரும் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். சொன்னால் பிள்ளைகளைப் பறித்துக்கொண்டு போகும் அரசாங்க அலுவலகக்காரர் வந்துவிடுவார்கள் என்று வீட்டில் நமக்குச் சொல்லியிருந்தார்கள். எங்கள் வீட்டில் அந்த அலுவலகத்தின் பெயரைச் சொல்லக்கூட மாட்டார்கள். “அவை வந்திடுவினம்” என்றால் போதும், அழுகை நின்றுவிடும்.

மாமாவின் ராசா கதைகள் பல்கனியில் நடக்கும். துருக்கிக்காரரின் கடையில் முழு ஆட்டுத்தொடை வாங்கி வருவார். தரையில் பேப்பர் விரித்து, மரக்குற்றியை வைத்து, கால்களை அகட்டி உட்கார்ந்து வெட்டத் தொடங்குவார். நாங்கள் சுற்றிக் குந்துவோம். எலும்பு தெறிக்கும். குளிரில் எங்கள் வாயிலிருந்து லேசாக ஆவி போகும், பச்சை ரத்த மணம் மூக்கில் ஏறும். அந்த மணத்தோடுதான் எனக்கு இங்கிலாந்து வரலாறு தெரியும்.

“எட்டாம் ஹென்றி ரெண்டு பெண்சாதிமாரைத் தலை வெட்டினவன். அந்த ரெண்டு பேருக்கும் என்ன முறை தெரியுமோ? ஒருத்தியின்ரை தாயும் மற்றவளின்ரை தகப்பனும் சகோதரம். அப்ப?”

“மச்சாள்மார்,” என்று நாங்கள் கத்துவோம்.

“ஓம். மச்சாள்மார் ரெண்டுபேரையும் ஒரே மனிசன் வெட்டினவன். மூத்தவளுக்குக் கோடாலி இல்லை. வாள்காரனைக் கடல் கடந்து கூப்பிட்டவன். ஒரே வீச்சு.”

கத்தி இறங்கும். ஒரு துண்டு பிரிந்து பேப்பரில் விழும்.

ஸ்கொட்லாந்து ராணி மேரிக்கு முதல் வெட்டுக் கழுத்தில் விழாமல் பின்மண்டையில் விழுந்ததையும், தலையைத் தூக்கிக் காட்டியபோது கையில் பொய்முடி மட்டும் நின்றதையும், பாவாடைக்குள் ஒளிந்திருந்த நாய்க்குட்டி ரத்தத்தில் தோய்ந்து வெளியே வந்ததையும் அவர் அந்த மரக்குற்றியில் எங்களுக்கு நடத்திக் காட்டினார். “வெட்டச் சொன்னவள் எலிசபெத். மேரியின்ரை தகப்பன் எலிசபெத்துக்குச் சொந்த மச்சான். அப்ப மேரி மகள் முறை. மகளையெல்லோ வெட்டினவள்,” என்று சொல்லித் தலையாட்டுவார். முதலாம் சார்ள்ஸ் குளிரில் நடுங்கினால் பயத்தில் நடுங்குகிறான் என்று சனம் நினைக்கும் என்று இரண்டு சட்டை போட்டுக்கொண்டு சாகப் போன கதையில் மட்டும் அவர் குரல் தழுதழுக்கும். ஆம்பிளை எண்டால் அவன், என்பார்.

நாங்கள் இதையெல்லாம் விளையாடினோம். கீழே நிலவறையில் ஒவ்வொரு வீட்டுக்கும் கம்பிவலை அடித்த ஒரு சாமான் அறை இருக்குமே, ஈரச் சீமெந்தும் பழைய பனிச்சறுக்குச் சப்பாத்தும் மணக்கிற அந்த அறை. என் பொம்மைகளின் தலைகளை அங்கே பாண் வெட்டும் பலகையில் வைத்துத் திருகிக் கழற்றினோம். கனடாவிலிருந்து சித்தி அனுப்பிய பொன்முடிப் பொம்மையின் தலை கடைசிவரை கிடைக்கவில்லை. உங்களில் யாரோ கொண்டுபோயிருக்கிறீர்கள். தலையில்லாத உடம்பு நெடுங்காலம் எங்கள் வீட்டில் கிடந்தது. அம்மா அதற்குச் சட்டை தைத்துப் போட்டிருந்தார்.

பஞ்சு ஒட்டிய ராணியைப் பற்றி நான் சொன்ன ஞாயிற்றுக்கிழமை மாமா கத்தியைக் கீழே வைத்துவிட்டார். அது ஒரு பெரிய விசயம்.

“ராணியின்ரை தகப்பன் இங்கிலாந்து ராசா. சரி. தாய் ஆர்?”

“தெரியாது மாமா.”

“டென்மார்க் ராசாவின்ரை மகள். அவவுக்கு ஒரு அண்ணன். அந்த அண்ணன்ரை மகன்தான் இஞ்சை வந்து முடி சூடினவர். இப்ப சொல்லு, ராணிக்கு ராசா என்ன முறை?”

விரலில் வைத்துப் பார்த்தேன். தாயின் அண்ணன் மகன்.

“மச்சான்.”

“சொந்த மச்சான். விக்டோரியாவுக்கு ஆல்பெர்ட்டும் அதே முறைதான். தாயின்ரை அண்ணன் மகன். வெள்ளைக்காரன் எல்லாரையும் கசின் எண்டு ஒரே சாக்கிலை போட்டுக் கட்டுவான். அவனுக்குப் பிரிச்சுப் பாக்கத் தெரியாது. நாங்கள்தான் பாப்பம், ஆர் கட்டலாம், ஆர் கட்டக் கூடாது எண்டு.”

இறைச்சி ஒட்டிய கையால் என் கன்னத்தைத் தட்டினார். பிறகு அடுப்படிப் பக்கம் திரும்பினார்.

“தங்கச்சி, கேட்டியோ? இந்த நாட்டு ராசவம்சமே எங்கடை முறையிலைதான் தொடங்கியிருக்கு. நான் உன்ரை அண்ணன். என்ரை மகனும் உன்ரை மூத்தவளும் இருக்கினம். பிறகென்ன யோசினை?”

அம்மா சிரித்தார். பயமும் பெருமையும் சேர்ந்த அந்தச் சிரிப்பை நான் அதற்கு முன் கண்டதில்லை. அப்பா கதிரை நுனியில் இருந்தபடி, “ஓம் அண்ணை,” என்றார். தேத்தண்ணித் தட்டோடு வந்த அக்கா வாசலில் நின்றாள்.

“எனக்கு வேண்டாம் மாமா. நான் நர்சிங் படிக்கப் போறன்,” என்றாள்.

தட்டு அவள் கையில் இருந்ததால் தடுக்க முடியவில்லை. அம்மாவின் அகப்பை அவள் தோளிலும் பிறகு காதோரத்திலும் விழுந்தது. கொதித்த தேத்தண்ணி அவள் கையில் ஊற்றியது. மாமா, “விடு தங்கச்சி, சின்னப் பிள்ளை,” என்று சொல்லிவிட்டு மறுபடி கத்தியை எடுத்தார்.

மச்சானைப் பற்றிச் சொல்ல வேண்டும். இருபத்தாறு வயது, சரக்குக் கிட்டங்கியில் பாரந்தூக்கி ஓட்டுகிற வேலை, கழுத்தில் தடித்த சங்கிலி. எங்களைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடுவான், இனிப்பு வாங்கித் தருவான். சிறுவயதில் எனக்கு அவனைப் பிடிக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன். அந்த வசந்தத்தில் தமிழர் உதைபந்தாட்டப் போட்டியில் ஒருவன் அவனுடைய காலைத் தட்டிவிட்டான். விழுந்து கிடந்தவனின் முகத்தில் மச்சான் சப்பாத்தால் உதைத்தான். ஒரு தடவை அல்ல. பச்சைப் பிளாஸ்டிக் புல்லில் ஒரு பல் கிடந்ததை நான் கண்டேன், அது இவ்வளவு நீளமாக இருக்கும் என்று எனக்கு அன்றுவரை தெரியாது. பெரியவர்கள் இழுத்து விலக்கினார்கள். விலக்கியவர்களில் ஒருவர் சிரித்துக்கொண்டே, “சூடான ரத்தம்,” என்றார். மாமா மகனுக்குக் குளிர்ந்த கோலா வாங்கிக் கொடுத்தார்.

இதெல்லாம் அம்மாவுக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் பக்கத்து வீட்டு அன்ரியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

“வெளியிலை குடுத்தால் எப்பிடியானவன் எண்டு ஆருக்குத் தெரியும். இது சொந்த மச்சான். கோபக்காரன்தான், ஆனா சொந்தத்திலை கை வைக்கமாட்டான்.”

இப்போது யோசித்தால் அம்மா அதை முழுமனதோடு நம்பினார் என்றே தோன்றுகிறது. நாடு விட்டு நாடு வந்து, யாரையும் நம்ப முடியாத இடத்தில், முறை என்ற ஒன்றை மட்டும் அவர் இறுகப் பிடித்திருந்தார். அந்தப் பிடிக்குள் அக்காவின் கழுத்து இருந்ததை அவர் பார்க்கவில்லை.

மே மாதம் வந்தது. பள்ளிப் படிப்பை முடிக்கும் பிள்ளைகள் சிவப்புக் காற்சட்டை போட்டுக்கொண்டு கூத்தடிக்கும் காலம், உங்களுக்குத் தெரியும். அக்காவுக்கு அனுமதி இல்லை. யாரோ தோழி கொடுத்த காற்சட்டையைப் பையில் ஒளித்துக் கொண்டுபோய்ப் பள்ளிக்கூடத்தில் மாற்றுவாள். ஒரு பின்னேரம் ஐஸ்கிறீம் வாங்கித் தருவதாக என்னைக் கூட்டிக்கொண்டு கடைத்தொகுதிக்குப் போனாள். டி-பானே சுரங்க ரயில் நிலையத்து வாசலில் அவளுடைய வகுப்புப் பிள்ளைகள் நின்றார்கள். ஒரு பெடியன் ஏதோ சொல்ல அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து எவ்வளவோ காலம்.

கார் ஒன்று வந்து நின்றது. மச்சான் இறங்கினான். கோபமாகக்கூட இல்லை, வேலைக்கு வந்தவன் மாதிரி நடந்து வந்தான். அக்காவின் பின்னலைக் கையில் சுற்றி இழுத்தான். அவள் தலை காரின் கதவு விளிம்பில் மோதியது, பிறகு அவனே அதைப் பிடித்து மோதினான், பிறகும் மோதினான். என் ஐஸ்கிறீம் கீழே விழுந்தது. சிவப்புக் காற்சட்டைப் பிள்ளைகள் மரமாக நின்றார்கள். ஒரு நோர்வேஜியப் பெண்மணி கைத்தொலைபேசியை எடுத்து, பொலிசைக் கூப்பிடட்டுமா என்று அக்காவிடம் கேட்டார். அக்காவின் காதிலிருந்து ரத்தம் ஒழுகிக்கொண்டிருந்தது.

“வேண்டாம். இவர் என்ரை கசின்,” என்று அவர்களுடைய மொழியில் அக்கா சொன்னாள்.

அந்தப் பெண்மணி என்ன விளங்கிக்கொண்டாரோ தெரியாது, தொலைபேசியை மடித்துவிட்டார்.

வீட்டில் அம்மா டெற்றோல் நனைத்த பஞ்சால் காதைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே திட்டினார். “கட்டப் போறவன் கண்டால் கோபம் வராதோ?” என்றார். பிறகு கத்தரிக்கோலை எடுத்து அந்தக் காற்சட்டையைத் துண்டு துண்டாக வெட்டினார். அந்த ஆண்டு முழுவதும் எங்கள் அடுப்பைச் சிவப்புத் துணியால் துடைத்தோம். அப்பா பல்கனியில் நின்று புகைத்தார். உள்ளே வந்து மாமாவுக்கு ஃபோன் எடுத்தார். நான் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். காலநிலையைப் பற்றிக் கதைத்தார். “ஓம் அண்ணை,” என்று இரண்டு மூன்று தரம் சொல்லி வைத்துவிட்டார்.

அதற்குள் அக்காவுக்கு மோதிரம் மாற்ற நாள் குறித்துவிட்டார்கள். கோடை விடுமுறையில் நான் நூலகத்தில் குடியிருந்தேன். இங்கிலாந்து அரசர்களைப் பற்றி நோர்வேஜிய மொழியில் ஒரு தடித்த புத்தகம் அங்கே இருந்தது. பக்கத்துக்குப் பக்கம் வம்ச மரங்கள். மற்றப் பிள்ளைகளுக்கு அது வெறும் கோடும் பெயரும். மாமாவிடம் படித்த எனக்கு ஒவ்வொரு கோட்டையும் பிடித்துக்கொண்டு போய் இவர் சித்தப்பா, இவ மாமி, இது மச்சாள் என்று சொல்ல முடிந்தது. இரண்டாம் மேரி என்று ஒரு ராணி. கட்டியது தகப்பனுடைய சகோதரியின் மகனை. கலியாணச் செய்தியைக் கேட்டதும் அன்று பின்னேரமும் மறுநாளும் அழுதுகொண்டே இருந்தாளாம். அதை அக்காவிடம் வந்து சொன்னேன். அவள் தலையணை உறை மாற்றிக்கொண்டிருந்தாள். நின்று என்னைப் பார்த்தாள்.

“வேறை ஆர் ஆர் மச்சானைக் கட்டினது? எல்லாத்தையும் தேடு. எப்பிடி இருந்தவை எண்டு பார்.”

“ஏன்?”

“மாமா எங்கை போனாலும் உன்னைக் கூப்பிட்டுக் கேள்வி கேப்பாரெல்லோ. மோதிரம் மாத்திற அண்டைக்கும் கேப்பார். அவர் சொன்னதை வைச்சே அவருக்குத் திருப்பிச் சொல்லு. அவ்வளவு சனத்துக்கு முன்னாலை கேட்டால் அப்பாவாவது யோசிப்பார்.”

அக்காவுக்கு மிஞ்சியிருந்த ஒரே வழி அதுதான். நர்சிங்கில் இடம் கிடைத்து வந்த கடிதத்தை மாமா வாங்கி மடித்துத் தன் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார். ஆவணி மாதம் மோதிரம் மாற்றுவது, தை பிறந்ததும் கலியாணம். பொலிசுக்குப் போகலாமே என்று இன்று என் மகள் கேட்பாள். அம்மாவையும் அப்பாவையும் கொண்டுபோய் அடைத்துவிட்டு என்னை யாரோ வெள்ளைக்காரர் வீட்டில் விட்டுவிடுவார்கள் என்று அக்கா பயந்தாள். அந்தப் பயத்தை எங்களுக்குப் பாலோடு கலந்தே ஊட்டியிருந்தார்கள்.

ஆடி மாதம் மாமி வலது கையில் மாவுக்கட்டோடு வந்தார். மாமி அதிகம் கதைக்க மாட்டார். வந்தவுடன் அடுப்படிக்குள் போய்விடுவார். அன்று ஒற்றைக் கையால் உள்ளிப் பல்லை மேசையில் வைத்து நசுக்கித் தோல் எடுத்துக்கொண்டிருந்தார். நான் மேசைக்கு மறுபக்கத்தில் இருந்து புத்தகம் வாசித்துக்கொண்டிருந்தேன்.

“குளியலறையிலை வழுக்கினதோ மச்சாள்?” என்று அம்மா கேட்டார்.

“ஓம். கலியாணம் கட்டின நாளிலையிருந்து வழுக்குது.”

அம்மா என் பக்கம் கண்ணைக் காட்டி, “பிள்ளை இருக்கிறாள்,” என்றார்.

“இருக்கட்டும். சொந்த மச்சான்தானே எண்டு என்ரை அப்பா ஒண்டும் விசாரிக்கேல்லை. நீங்களாவது விசாரியுங்கோ. என்ரை மகன் தகப்பனைப் பாத்து வளந்தவன்.”

அம்மா உள்ளியை வாங்கிச் சட்டியில் போட்டு, அது பொரியும் சத்தத்தில் வேறு ஏதோ கதையைத் தொடங்கினார்.

மோதிரம் மாற்றும் நாள் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். எங்கள் குடியிருப்பின் பொது மண்டபம். சுவரில் கடதாசிப் பூ, மூலையில் வாடகை ஒலிபெருக்கி, மேசையில் வடையும் கேசரியும் கடலையும். வெள்ளைப் பிளாஸ்டிக் கதிரைகளில் உங்கள் அப்பாமார், மறுபக்கம் உங்கள் அம்மாமார். அக்கா மஞ்சள் சேலையில் இருந்தாள். காதோரத் தழும்பை மல்லிகைப் பூவால் மறைத்திருந்தார்கள். மாமி மாவுக்கட்டைச் சேலைத் தலைப்பால் போர்த்துக்கொண்டு முன்வரிசையில் இருந்தார். மோதிரத் தட்டு வந்தது. அதற்கு முன் மாமா மைக்கைப் பிடித்தார். அக்கா சொன்னபடியே என்னைக் கூப்பிட்டு, மைக்கை என் கையில் தந்தார்.

“எங்கடை குடும்பத்துக் கலைக்களஞ்சியம் இவள். சொல்லு பிள்ளை, இந்த நாட்டு ராசவம்சத்தின்ரை முதல் ராசாவுக்கு ராணி என்ன முறை?”

“மச்சாள்.”

கைதட்டினார்கள்.

“விக்டோரியாவுக்கு ஆல்பெர்ட்?”

“மச்சான்.”

இன்னும் கைதட்டினார்கள். மாமா மைக்கை எடுக்கக் கை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. பாடம் வாயில் தயாராக இருந்தது.

“நாலாம் ஜோர்ஜ் கட்டினதும் சொந்த மச்சாளைத்தான். தகப்பன்ரை அக்காவின்ரை மகள். முதல் முதல் அவவைக் கண்டவுடனை அவர் எனக்கு உடம்பு சரியில்லை, பிராந்தி கொண்டுவா எண்டு சொன்னவர்.”

சபை சிரித்தது. உங்கள் அப்பாமார் தொடையில் தட்டிச் சிரித்தார்கள்.

“முதலிரவிலை குடிச்சுப்போட்டு அடுப்புப் பக்கத்திலை விழுந்து கிடந்தவர். பிறகு அவவைத் தள்ளி வைச்சவர். அவருக்கு முடி சூட்டின அண்டைக்கு அவ வந்து கோயில் கதவைத் தட்டினவ. ஆமிக்காரர் திறக்கேல்லை. கொஞ்ச நாளிலை செத்துப்போனா. முதலாம் ஜோர்ஜ் கட்டினது பெரியப்பாவின்ரை மகளை, அது எங்களுக்குத் தங்கச்சி முறை. அவவைச் சாகுமட்டும் ஒரு கோட்டையிலை பூட்டி வைச்சவர். பெத்த பிள்ளையளையும் காட்டேல்லை.”

“போதும் பிள்ளை,” என்றார் மாமா. பல்லைக் கடித்திருந்தார்.

“எல்லாரும் சொந்தக்காரர்தான் மாமா. சொந்தம் எண்டால் அடிக்கமாட்டினம் எண்டு ஆர் சொன்னது?”

மாமாவின் அடி விழுந்தது. மைக் என் வாய்க்கு நேரே இருந்ததால் இரும்புத் தலை முன்பல்லில் மோதியது. அந்தச் சத்தத்தை மண்டபம் முழுக்க ஒலிபெருக்கியில் கேட்டீர்கள். பிறகு மைக் நெடுநேரம் கீச்சிட்டது. வாய்க்குள் உப்பும் பல்துண்டும் இருந்தன. நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா, “மன்னியுங்கோ அண்ணை, சின்னவள், விளங்காது,” என்று ஓடிவந்தார்.

அப்போதுதான் மாமி எழுந்தார். மைக் இல்லாமலே கதைத்தார். மெல்லிய குரல், ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

“பிள்ளை கேட்டது சரி. எனக்கும் இவர் சொந்த மச்சான். இந்தக் கை வழுக்கி முறியேல்லை. இவர் முறிச்சவர். என்ரை மகன் ரீவி பாத்துக்கொண்டு இருந்தவன். அவளை அவனுக்குக் குடுக்காதேங்கோ.”

மச்சான் கதிரைகளைத் தள்ளிக்கொண்டு வந்தான். மூடிய கையால் தாயின் முகத்தில் குத்தினான். மாமி வடைத் தட்டுகளோடு சரிந்து விழுந்தார். மாவுக்கட்டு நிலத்தில் மோதிய சத்தம் எனக்கு இன்றைக்கும் கேட்கிறது. அவன் காலைத் தூக்கினான். பச்சைப் புல்லில் தூக்கிய அதே கால். ஒருமுறை உதைத்தான், விலாவில். இரண்டாவது உதைக்கு முன் உங்கள் அப்பாமாரில் நாலு பேர் பிடித்துவிட்டார்கள்.

அம்மா மோதிரத் தட்டைக் கையில் எடுத்தார்.

“இந்தக் கலியாணம் நடக்காது அண்ணை,” என்றார்.

அம்மா தன் அண்ணனிடம் ஒரு சொல்லை மறுத்துச் சொன்னது அதுதான் முதல் தடவை. அக்காவின் காதில் ரத்தம் வந்தபோது சொல்லாதவர், என் பல் உடைந்தபோது மன்னிப்புக் கேட்டவர், பெற்ற தாயை மகன் உதைத்ததைக் கண்டபோதுதான் சொன்னார். அது ஏன் என்று இத்தனை ஆண்டுகளாக யோசிக்கிறேன். மகளுக்கு விழும் அடி அவருக்குப் பழக்கம். தாய்க்கு விழும் அடியில் அவர் தன்னைக் கண்டிருக்க வேண்டும். எனக்கு அது போதவில்லை. ஆனாலும் அக்கா தப்பினாள். இன்று அவள் ஒரு ஆஸ்பத்திரியில் பொறுப்பான வேலையில் இருக்கிறாள், தான் விரும்பியவரோடு வாழ்கிறாள்.

மிச்சத்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், நீங்களும் பார்த்ததுதான். ஒரு அன்ரி ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி மாமியின் கண்ணில் வைத்தார், இன்னொரு துண்டு எனக்கு. அம்புலன்சுக்கு ஒருவரும் ஃபோன் எடுக்கவில்லை. பொலிசுக்கும் எடுக்கவில்லை. வெளியில் தெரிந்தால் எங்கள் சனத்துக்கு அவமானம் என்று ஒரு குரல் சொன்னது, பல தலைகள் ஆடின. உங்கள் அம்மாமார் மிஞ்சிய பலகாரத்தைப் பொதி கட்டத் தொடங்கினார்கள். மாமா கை கழுவினார். கோட்டைப் போட்டு, பொத்தான்களை ஒவ்வொன்றாகப் பூட்டினார். மாமியைப் பார்த்து, “வா,” என்றார்.

மாமி உடனே எழும்பவில்லை. ஒரு கண் மூடிவிட்டது. மற்றக் கண்ணால் அம்மாவைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், பிறகு கதிரை கதிரையாக எல்லோரையும் பார்த்தார். யாராவது ஒருவர், இன்றைக்கு இங்கே நில்லுங்கள் என்று சொல்வதற்காகக் காத்திருந்தார். அது எனக்கே விளங்கியது, பன்னிரண்டு வயதில்.

“மாமி, நில்லுங்கோ,” என்றாள் அக்கா.

அம்மா அவளுடைய கையை இறுக்கிப் பிடித்தார். “நீ சும்மா இரு. அது அவையின்ரை குடும்பம்.”

மாமி எழுந்தார். விலாவைப் பிடித்துக்கொண்டு நடந்தார். முன் இருக்கையில் மகன் ஏறி இருந்ததால் பின்னுக்குப் போனார். கார்க் கதவைத் திறந்து விட்டது அம்மாதான். கேசரிப் பெட்டி ஒன்றை மடியில் வைத்தார். வெளியில் தொங்கிய சேலைத் தலைப்பை எடுத்து, கதவில் சிக்காமல் உள்ளே விட்டார்.

“போய்ச் சேர்ந்தவுடனை ஒரு ஃபோன் எடுங்கோ மச்சாள்,” என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்.